மரிலூவின் மஞ்சள் ஸ்டிக்கர்

ஷட்டரைப் பாதி தூக்கியபோதே இன்றைய முதல் போணி யாருடையது என்று மரிலூ பக்தாஸுக்குத் தெரிந்துவிட்டது. கம்பிக்குக் கீழே முதலில் தெரிந்தவை பளபளக்கும் பழுப்பு ஷூக்கள். ஏப்ரல் வெயிலில், மணிலாவின் குபாவில், சனிக்கிழமை காலையில் அப்படி ஷூ மாட்டிக்கொண்டு வரக்கூடியவர் ஒருவர்தான். அட்டர்னி தும்லாவ். தொழில் வக்கீல், மற்ற நேரமெல்லாம் ரெக்கார்டு பைத்தியம். அவருக்குப் பின்னால் குடையும் விசிறியுமாக ஒரு வரிசை, லாடம்போல் வளைந்த அந்த வளாகத்தின் வாசல் வரைக்கும் நீண்டிருந்தது.

"ஆத்தெ மரிலூ! உள்ள என்ன பூசை நடக்குதா? இங்க நாங்க வெந்துட்டிருக்கோம்."

"பூசை முடிஞ்சாத்தான் காணிக்கை வாங்குவோம் அட்டர்னி. குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும்."

வரிசை சிரித்தது. அந்த வளாகத்தில் அவளை ஆத்தெ என்று, அக்கா என்று அழைக்காதவர் கிடையாது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் அழைப்பார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருநாள் அது. நகரத்தில் உள்ள தனி ரெக்கார்டுக் கடைகள் எல்லாம் மாதக்கணக்கில் பதுக்கி வைத்த தட்டுகளை அன்றுதான் வெளியே எடுக்கும். ஒரு காலத்தில் செருப்புக் கடைகள் மட்டுமே இருந்த வளாகம். இப்போது பழைய விளக்கு விற்பவர், பச்சை குத்துபவன், மாலையில் இளவட்டங்கள் பீர் குடிக்கும் மதுக்கூடங்கள், நடுநடுவே ரெக்கார்டுக் கடைகள். மரிலூவின் கடை அவற்றில் மிகச் சிறியது. நான்கு பேர் உள்ளே நின்றால் ஐந்தாமவர் வாசலில் நின்று மூச்சு விட வேண்டும்.

ஆனால் வளாகம் முழுக்கச் செல்லுபடியாகும் ஒரு பொருள் அந்தச் சின்னக் கடையிலிருந்துதான் போயிற்று. கட்டைவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் இரண்டே சொல்: "நரினிக் நா." கேட்டாச்சு. பழைய தட்டு ஒன்று கைக்கு வந்தால் மரிலூ விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பாள், துடைப்பாள், ஹெட்போன் மாட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கேட்பாள். சுத்தமாக இருந்தால் உறையின் மூலையில் மஞ்சள் ஒட்டும். இல்லையென்றால் ஒட்டாது. மற்ற கடைக்காரர்களும் தங்கள் தட்டுகளை அவளிடம் கொண்டுவந்து ஒட்டி வாங்கிப் போவார்கள். மஞ்சள் இருக்கும் தட்டை யாரும் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தக் காது சும்மா வந்ததல்ல. பள்ளி முடித்த கையோடு, மணிலாவை ஒட்டிய வலென்சுவேலாவில் ரெக்கார்டு அழுத்தும் ஆலை ஒன்றில் கேட்பறைப் பெண்ணாகச் சேர்ந்தவள் மரிலூ. அச்சிலிருந்து சூடாக வரும் தட்டுகளில் ஒன்றை அவ்வப்போது உருவி, அலமாரி அகலமே உள்ள சிற்றறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். 'டிக்' என்று எங்கே சத்தம் வந்தாலும் வெள்ளைப் பென்சிலால் அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். பாட்டை ரசித்த பெண்களுக்கு அங்கே வேலை நிலைக்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டவர்கள் நிலைத்தார்கள். இரைச்சலான ஜீப்னி வண்டியில் வீடு திரும்பும்போது கேட்பறைப் பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். புத்தாண்டு இரவில் மணிலாவே பட்டாசாக வெடிக்கும்போது அவர்கள் தலையணைக்கு அடியில் கிடப்பார்கள். ஆலை மூடியதும் கரோக்கே பெட்டி பழுது பார்க்கும் கடை, பிறகு ரெக்டோ தெரு நடைபாதையில் பழைய தட்டு வியாபாரம், பிறகு இந்தக் கடை. எங்கே போனாலும் காது கூடவே போயிற்று.

சரியாகச் சொன்னால், ஒரு காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போன காலையில் இடது காது திறக்கவில்லை. தலையணை அழுத்தியதென்று நினைத்தாள். சளி இறங்கினால் சரியாகும் என்று காத்திருந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நரம்பு போய்விட்டது, அன்றைக்கே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் மருத்துவர். மரிலூ யாரிடமும் சொல்லவில்லை. கப்பலில் சமையல்காரராக இருக்கும் கணவர் நெஸ்டரிடமும் சொல்லவில்லை. செல்போனை வலது பக்கம் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கடையில் கல்லா மேசையை ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக இழுத்து எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். வருகிறவர்கள் வலது பக்கமாகவே பேச வேண்டி வந்தது.

எதிர்க்கடை வெண்டெல்தான் அதை முதலில் பார்த்தவன். நாற்பதைத் தொடாத வயது. காபியும் புது ரெக்கார்டும் விற்பவன். வாயை வாடகைக்கு விட்டாலே பிழைத்துக்கொள்வான்.

"என்ன ஆத்தெ, ஃபெங் ஷுயியா? மேசை அந்தப் பக்கம் போனா காசு கொட்டும்னு எந்தச் சீனக் கிழவன் சொன்னான்?"

"ஆமாண்டா. உன் மூஞ்சி தெரியாத பக்கமா வைக்கச் சொன்னான்."

தட்டு கேட்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஸ்டீரியோ தட்டில் இடது பக்கம் ஒரு சத்தம், வலது பக்கம் ஒரு சத்தம். அவளுக்கு வலது மட்டும்தான் விழும். அதனால் ஒருமுறை கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, இடம்வலமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை கேட்பாள். இடது பக்கத்துச் சத்தம் இப்போது நல்ல காதுக்கு வரும். வேலை இரட்டிப்பு. அதைக் கடைக்குப் பின்னால், திரைக்கு உள்ளே வைத்துக்கொண்டாள். 'ஆத்தெ இப்பல்லாம் ரொம்பக் கவனமா கேக்குறாங்க' என்று வளாகத்தில் அவளுடைய மதிப்பு இன்னும் கூடிப்போனது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்த அட்டர்னி நேராகப் புதுவரவுப் பெட்டிக்குப் போனார். விரல்கள் உறைகளைப் புரட்டின. திடீரென்று நின்றன.

"கடவுளே."

நீல உறை. அதில் ஒற்றைப் படகு. எழுபதுகளில் மணிலா ஹோட்டல் ஒன்றில் வாசித்த ஜாஸ் குழுவின் ஒரே தட்டு. அவர் பல வருடமாகத் தேடுவது வளாகத்துக்கே தெரியும்.

"இது எப்ப வந்துச்சு? ஸ்டிக்கர் எங்க?"

"நேத்துதான் கைக்கு வந்துச்சு அட்டர்னி. துடைச்சு வச்சேன், இன்னும் கேக்கல."

"அப்ப கேளுங்க. நிக்கிறேன்."

"வரிசையப் பாருங்க. தட்ட ஓரமா எடுத்து வைக்கிறேன், மத்தியானம் வாங்க."

"மத்தியானம் வரைக்கும் என் இதயம் தாங்குமா? ஸ்டிக்கர் இல்லாம நான் எதையும் எடுக்கறதில்ல. உங்களுக்கே தெரியும். இல்லன்னா வெறுங்கையோட போறேன்."

வெறுங்கை என்ற சொல் கேட்டதும் வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. திருநாளில் முதல் ஆள் வெறுங்கையோடு இறங்குவதா? புவேனா மானோ, அந்த முதல் போணி, கெட்டால் அந்தக் கடைக்கு மட்டுமா கேடு, பக்கத்துக் கடைகளுக்கும் சேர்த்துத்தான். பச்சை குத்துபவன் தன் வாசலிலிருந்தே சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஆத்தெ, போட்டுக் காட்டுங்க! சீக்கிரம்!"

திரைக்குப் பின்னால் போக வழி இல்லை. அட்டர்னி கல்லா மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே நின்றார். மேசைமேல் இருந்த பிளேயரில் தட்டை வைத்தாள். ஹெட்போனை மாட்டினாள். முள் இறங்கியது.

பியானோ வந்தது. கழுவிவிட்ட கண்ணாடிபோல் இருந்தது. நடுவில் முள்ளை வைத்தாள், சுத்தம். கடைசியில் வைத்தாள், சுத்தம். தட்டைப் புரட்டினாள், மறுபக்கமும் அப்படியே. விளக்கடியில் வரிகள் கறுப்பாக மின்னின.

இப்போது ஹெட்போனைத் திருப்ப வேண்டும்.

அவள் கை காதுவரை போயிற்று. அட்டர்னியின் கண் அந்தக் கையைப் பார்த்தது. சாட்சிக்கூண்டில் நிற்பவனின் விரல் நடுங்குவதைக்கூடப் பார்க்கிற கண். ஏன் திருப்புறீங்க என்று கேட்பார். கேட்காமல் விடமாட்டார். அவரோடு குனிந்து நுழைந்த மூன்று பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வாசலில் வெண்டெல் தலையை நீட்டினான்.

"ஆத்தெ, இது போணியா தவக்காலமா? நாப்பது நாள் ஆகுமா?"

மரிலூ ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். சுருளிலிருந்து மஞ்சள் ஒன்றைக் கிழித்து நீல உறையின் மூலையில் ஒட்டினாள்.

அட்டர்னி கொடுத்த நோட்டுகளால், ராசிக்காக, அவள் ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தடவியபோது வரிசை கைதட்டியது. போணி ஆயிற்று. ஷட்டர் முழுதாக உயர்ந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்தது.

கூட்டத்துக்கு ஒரு நல்ல குணம், நினைக்க விடாது. பை கேட்டான் ஒருவன், பேரம் பேசினாள் ஒருத்தி, பாத்ரூம் எங்கே என்று மூன்று பேர் கேட்டார்கள். யாரோ கொடுத்த வாழைப்பழம் சுருட்டிப் பொரித்த துரோனை ஒரு கடி கடித்துவிட்டு எங்கோ வைத்து மறந்தாள். நீல உறை மனதின் ஓரத்தில் நகர்ந்துவிட்டது. எல்லாம் சுத்தமாகத்தானே இருந்தது. ஒரு பக்கம் அவ்வளவு சுத்தமாக இருக்கும் தட்டு மறுபக்கம் எப்படிக் கெட்டிருக்கும்? அவளுக்குத் தெரியும், கெட்டிருக்கலாம். ஆலையில் பயின்ற எந்தப் பெண்ணும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லமாட்டாள்.

வெயில் உச்சி தாண்டியபோது எதிர்க்கடையிலிருந்து பியானோ கேட்டது.

வெண்டெல் வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு நிறுத்தியிருந்தான். வாங்கியவர்கள் தங்கள் தட்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டி நண்பர்களை வயிறெரியச் செய்வது திருநாள் வழக்கம். மரிலூ அந்தப் பியானோவை உடனே அடையாளம் கண்டாள். காலையில் கேட்ட அதே வரி. ஆனால் அதற்குப் பக்கத்தில், பியானோவோடு சேர்ந்து, இன்னொரு சத்தம். கொதிக்கிற எண்ணெயில் ஈர மீனைப் போட்டதுபோல் சடசடவென்று.

காற்றில் வரும் சத்தத்துக்கு இடது வலது கிடையாது. இரண்டு ஸ்பீக்கரும் நல்ல காதுக்கே வந்து சேர்ந்தன. கையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய மீதிச் சில்லறை இருந்தது. அதைப் பிடித்தபடி அவள் நின்றாள்.

பழுப்பு ஷூக்கள் வருவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. எதிரில் சத்தம் எழுந்தது.

"உங்க முள்ளு என் தட்டத் தின்னுடுச்சு!"

"முள்ளு புதுசு அட்டர்னி. இந்த வாரம்தான் மாத்தினேன்."

"புதுசா? அப்ப பசி அதிகமா இருந்திருக்கும்."

கூட்டம் சிரித்தது. மரிலூ சில்லறையை உரியவரிடம் நீட்டினாள். அவர் தன்னைச் சொல்லவில்லை. வெண்டெலைச் சொல்கிறார். ஒரு மூச்சு நேரம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு மூச்சுதான் பிறகு நெடுநாள் அவளைக் குடைந்தது.

"தட்டு முன்னாடியே கெட்டிருக்கலாமில்ல?" வெண்டெல் கேட்டான்.

அட்டர்னி உறையைத் தலைக்கு மேலே தூக்கினார். மஞ்சள் வெயிலில் தெரிந்தது.

"இத எல்லாரும் பாருங்க. காலையில ஆத்தெ மரிலூ என் கண்ணு முன்னாடி கேட்டு ஒட்டினது. அவங்க காது பொய் சொல்லிச்சுங்கிறீங்களா? சொல்லுங்க வெண்டெல். ஆமாவா, இல்லையா?"

"அட்டர்னி, இது கோர்ட்டு இல்ல."

"ஆமாவா இல்லையா?"

வெண்டெல் அந்த மஞ்சளை அண்ணாந்து பார்த்தான்.

"இல்ல," என்றான் கடைசியில். "ஆத்தெ காது பொய் சொல்லாது."

குனிந்து முள்ளைப் பார்த்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். போட்டுக் காட்டக் கையில் தட்டோடு நின்ற இரண்டு பேர் மெதுவாகப் பின்வாங்கித் தட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். "லைவ்ல இருக்கோம், ஃபிரெண்ட்ஸ். முள்ளு தட்டச் சாப்பிட்டிருச்சாம். இந்தக் கடையில போட்டுப் பாக்காதீங்க" என்று அதற்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

மரிலூ தன் வாசல்படியில் நின்றாள். நடுவில் பத்தடி சிமெண்டுத் தரை. வெண்டெல் நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான், முகம் மலர்ந்தது.

"ஆத்தெ! நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க. இது இப்ப விழுந்ததா, பழைய தேய்மானமா? நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன். என் முள்ளுதான்னா தட்டுக்கு நான் பொறுப்பு."

"சொல்லட்டும்," என்றார் அட்டர்னி. "அவங்க தீர்ப்புதான் கடைசி."

அந்தப் பத்தடியைக் கடக்கும்போது அவள் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். முழுப் பொய்கூட இல்லை, பாதிப் பொய்.

"அட்டர்னி, காலையில கூட்டம். நான் அவசரத்துல கேட்டேன். தப்பு என் பேர்லதான் இருக்கும். வெண்டெல விடுங்க."

அட்டர்னி அவளை இரக்கத்தோடு பார்த்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஆத்தெ, உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். பக்கத்துக் கடைப் பையன் மாட்டிக்கிட்டான்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்க. இது என்ன ஈ பறக்கற சத்தமா, அவசரத்துல விட்டுப்போக? மீன் வறுக்கற சத்தம்! செவிடனுக்கே கேக்கும்."

கூட்டம் தலையாட்டியது. "ஆத்தெ எவ்வளவு நல்லவங்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் சொன்ன பாதி உண்மையும் அவளுக்கே மாலையாக வந்து விழுந்தது. வெண்டெலின் காது சிவந்துபோயிருந்தது.

"எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம் ஆத்தெ," என்றான். இப்போது குரலில் கேலி இல்லை. "கேட்டுச் சொல்லுங்க. அது போதும்." ஹெட்போனை நீட்டினான்.

கேட்டுத்தான் ஆக வேண்டும். மரிலூ தட்டைப் புரட்டினாள். முள்ளை இரண்டாவது பக்கத்தின் கடைசிப் பாட்டில் இறக்கினாள். ஹெட்போனை மாட்டினாள்.

சுத்தம். கண்ணாடிபோல்.

அவள் முகத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கழற்றிவிட்டு 'இது சுத்தமா இருக்கு' என்று சொன்னால் போதும். அது அவள் காதுக்குக் கேட்ட உண்மைதான். ஆனால் அந்த உண்மை வெண்டெலை முடித்துவிடும். முள் படாத பாட்டு சுத்தம், பட்ட பாட்டு நாசம், அப்படியானால் குற்றவாளி யார் என்று கேட்க அட்டர்னிகூடத் தேவையில்லை. மஞ்சள் ஸ்டிக்கர் தப்பிக்கும். வளாகத்தில் அதற்குமேல் வெண்டெலின் பிளேயரில் ஒரு தட்டும் ஏறாது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மதுக்கூடத்துக்காரன்கூட வெளியே வந்து நின்றான். லைவ் பெண் செல்போனைக் கிட்டே கொண்டுவந்தாள்.

மரிலூ ஹெட்போனைக் கழற்றினாள். திருப்பினாள். மறுபடி மாட்டினாள்.

மீன் வறுத்தது. சடசடவென்று, முதல் நொடியிலிருந்தே.

முள்ளைத் தூக்கிவிட்டு வெண்டெலைப் பார்த்தாள். "இந்தப் பாட்ட இங்க யாராவது போட்டீங்களா?"

"இல்லையே. முதல் பாட்டு பாதியிலேயே அட்டர்னி கத்த ஆரம்பிச்சுட்டார். அதுக்கப்புறம் யார் போட?"

"இதுலயும் அதே சத்தம் இருக்கு. இடது பக்கம் மட்டும். வெண்டெல் முள்ளு இந்த இடத்தத் தொடவே இல்ல. எவனோ முள்ளுக்கை கோணலான பழைய மெஷின்ல வருஷக்கணக்கா ஓட்டி ஒரு பக்கத்தத் தேச்சிருக்கான். என் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்திருக்கு."

அட்டர்னி தட்டைப் பார்த்தார். ஹெட்போனைப் பார்த்தார். மெதுவாக, கோர்ட்டில் கேட்பதுபோல் கேட்டார்.

"ஹெட்போன ஏன் திருப்பி மாட்டினீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காலையில் பயந்தாள்.

"இடது காது கேக்காது," என்றாள் மரிலூ. "ரெண்டு வருஷமாச்சு. ஒவ்வொரு தட்டையும் இப்படித் திருப்பித் திருப்பித்தான் கேக்கறேன். காலையில திருப்பல. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

சாலையில் ஒரு ஜீப்னி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லைவ் பெண் செல்போனைக் கொஞ்சம் தாழ்த்தினாள், அணைக்கவில்லை.

"அப்ப மத்த மஞ்சள் எல்லாம்?" யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"எல்லாம் ரெண்டு தடவ கேட்டதுதான்."

"அத நாங்க எப்படி நம்பறது?"

மரிலூ ஹெட்போனைப் பிளேயர்மேல் வைத்தாள்.

அட்டர்னி உறையைக் கையில் எடுத்து, நகத்தால் மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பினார். பிசின் காய்ந்திருக்கவில்லை, சுலபமாக வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"போணிப் பணத்த அன்னைக்கே திருப்பிக் கேட்டா உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்." ஷூ சத்தம் கேட்க நடந்தவர் நின்றார். "என்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கலாம் ஆத்தெ. உங்கள நம்பி வீட்டுல எத்தன தட்டு வச்சிருக்கேன் தெரியுமா? இனிமே அத்தனையும் உக்காந்து கேக்கணும்."

வெண்டெல் பின்வாங்கிய இரண்டு பேரையும் தேடினான். அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அன்று மாலை மரிலூ வளாகத்தைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு கடையிலும் ஏறி, தானே சொன்னாள். சிலர் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒருவன் அவள் முகத்தைப் பார்க்காமலே மஞ்சள் தட்டுகளை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினான். விளக்குக் கடைக்காரர் மட்டும், விற்பது விளக்குதான் என்றாலும், தன் இரண்டு கண்ணில் ஒன்று சரியில்லை என்பதை அவளிடம் ரகசியமாகச் சொன்னார். வீட்டுக்குப் போய் நெஸ்டருக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னாள். "அப்ப ரெண்டு வருஷமா லீவுக்கு வந்தப்பல்லாம் நான் படுக்கையில பேசினதெல்லாம் உனக்குக் கேக்கவே இல்லையா?" என்றார். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள்.

மறுநாள் அட்டர்னி வந்தார், பணத்தை வாங்கிக்கொண்டார், எதையும் புரட்டாமல் போனார். அந்த வாரம் கேட்டு ஒட்டித் தரச் சொல்லி யாரும் தட்டு கொண்டுவரவில்லை. மஞ்சள் சுருளை இழுப்பறைக்குள் போட்டாள். எதிர்க்கடையிலிருந்து காலையில் வரும் கிண்டலும் வரவில்லை. அவளுக்கு மற்றதைவிட அதுதான் கனமாக இருந்தது. வெண்டெல் ஷட்டரைத் திறப்பான், காபி மெஷினைத் தட்டுவான், இந்தப் பக்கம் திரும்ப மாட்டான். மன்னிப்புக் கேட்க ஒருமுறை போனாள். "வேலை இருக்கு ஆத்தெ" என்று முதுகைக் காட்டினான்.

பிறகு ஒரு பிற்பகல், கூட்டமில்லாத நேரத்தில், அவனே ஒரு மரப்பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பத்தடியைக் கடந்து வந்தான். கல்லா மேசைமேல் தொப்பென்று வைத்தான். அவளுடைய வலது பக்கம் வந்து நின்றுகொண்டான்.

"ஃபெங் ஷுயி," என்றான் மேசையைப் பார்த்து. "எனக்கு அன்னைக்கே சந்தேகம்."

மரிலூ ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"என்னை மாட்டி விட்டிருப்பீங்க ஆத்தெ. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா."

"ஒரு மூச்சு நேரம் மாட்டி விட்டேன்," என்றாள் மரிலூ. "வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அவன் அதை யோசித்தான். தலையை மட்டும் ஆட்டினான். சரி என்று சொன்னானா, மறக்கமாட்டேன் என்று சொன்னானா, அவளுக்குப் புரியவில்லை. பிறகு பெட்டியைத் தட்டினான்.

"ஒரு வீட்டுல மொத்தமா வாங்கினேன். எல்லாம் அம்பதுகள்ல வந்தது. மோனோ. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். ஒரு காது போதும்."

"கிண்டலா?"

"கிண்டல்தான். ஆனா தட்டு நெஜம். கேட்டு ஒட்டித் தாங்க. திரைக்குப் பின்னால வேணாம். வாசல்ல உக்காந்து கேளுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

மரிலூ பிளேயரையும் ஸ்டூலையும் வாசலுக்கு இழுத்தாள். இழுப்பறையிலிருந்து சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். ஒருத்தி நின்றே விட்டாள். முதல் தட்டு, முதல் பக்கம், ஒரு பெண் குரல். முடியும் வரைக்கும் ஒரு 'டிக்' கூட இல்லை. முள்ளைத் தூக்கினாள். கை தானாகக் காதுக்குப் போயிற்று. ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. "மோனோ, ஆத்தெ, மோனோ!"

"தெரியும்டா," என்று கத்தினாள் மரிலூ. "கை கேக்க மாட்டேங்குது."